பழைய நிரல்கள் ஓடும் என்று எழுதியவள்

தொலைபேசி மணி அடித்தபோது அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசி. ஒரு தோட்டத்தின் சம்பளச் சீட்டுகள் முடிந்து அடுத்த தோட்டத்தினுடையவை தொடங்கியிருந்தன. அந்த இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. மறுமுனையில் ஓர் ஆண் குரல் ஏதோ சொன்னது. "கேட்கல, சத்தமா பேசுங்க!" என்று கத்தினேன். மறுபடி சொன்னார். மறுபடியும் கத்தினேன். கடைசியில் அவரும் கத்தினார்: "ஃபிலோமினா தம்பி பேசுறேன்க்கா! அக்கா செத்துப்போச்சு! காலையில செத்துப்போச்சு!"

தன் அக்காளின் சாவை அந்த மனிதர் இப்படிக் கூவிச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. அச்சை நிறுத்தக் கை போனது. நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் அந்தத் தோட்டம் முழுவதற்கும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அந்தச் சீட்டுகளை அச்சிட்டுக்கொண்டிருந்த கணினி நிரலும் ஃபிலோமினா எழுதியதுதான். அது முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். அதன் பிறகுதான் கழிவறைக்குப் போய் அழுதேன்.

தாப்பாவில் அவளிடம் கணினி படித்தவர்கள் அவள் நினைவாக ஒரு மலர் கொண்டுவருகிறீர்கள். ஈப்போவில் அவள் இருந்த காலத்தைப் பற்றி எழுதும்படி என்னைக் கேட்டீர்கள். நீங்கள் அறிந்த ஃபிலோமினா டீச்சரை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தவள் மினா. என் வயதுக்காரி. பக்கத்து நாற்காலிக்காரி. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் அந்தத் தோட்ட நிர்வாக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் ஈப்போவிலேயே சிலிபின்காரி. அவள் சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்து வந்து ஈப்போவில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். இரண்டாம் மாடியில் கணினி அறை. தூசி உள்ளே போகக்கூடாது, சூடு ஏறக்கூடாது என்று சன்னல்களை எல்லாம் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். வெளியே வெயில் கொளுத்தும். நாங்கள் உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மழை பெய்ததா இல்லையா என்று மாலையில் தெருவுக்கு இறங்கினால்தான் தெரியும். நான் இயந்திரத்தை ஓட்டுபவள். மினா நிரல் எழுதுபவள். பேராக் மாநிலத்தில் எங்கள் நிர்வாகத்தின் கீழிருந்த எல்லாத் தோட்டங்களின் ஆள் பதிவும் சம்பளக் கணக்கும் அவள் எழுதிய நிரல்களில்தான் ஓடின. அவற்றை எழுதக் கற்பதற்காக நிர்வாகம் அவளைக் கோலாலம்பூருக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்ததும் ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது. பாண்டு என்போம். இத்தனை வருடம் வேறு எங்கும் போக மாட்டேன் என்கிற பத்திரம்.

ஒரு நாள் பிற்பகல் மின்சாரம் போனது. விளக்கு அணைந்தது, குளிர்சாதனம் நின்றது. கதவுப் பக்கம் தடவிப் போய்ப் பிடியைத் திருகினேன். பூட்டு சிக்கிக்கொண்டது. நான் கதவைத் தட்டித் தட்டிக் கத்தினேன். கீழே யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. மூச்சு முட்டுவது மாதிரி இருந்தது.

"சரோ, இங்க வா. தரையில உட்காரு. கத்தினா இன்னும் வேர்க்கும் லா" என்றாள் மினா. அவள் குரல் வந்த திசைக்குப் போய் உட்கார்ந்தேன். என் பயத்தைத் தணிக்கத்தான் பேசத் தொடங்கினாள் என்று நினைக்கிறேன். அதுவரை தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள், அந்த இருட்டில் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள்.

அவளுடைய தம்பி பிறந்தபோது அம்மா பிள்ளை பெற்ற விடுப்பில் இருந்திருக்கிறார். திரும்பி வேலைக்குப் போன மாதம், கணக்கெழுதும் கிராணியார் புதிய செக்ரோல் பதிவேட்டில் அவர் பெயரை எழுத மறந்துவிட்டார். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடவில்லை. ஆனாலும் வேலை வாங்கும் தண்டல் கைகாட்டிய நிரையில் போய் ரப்பர் மரம் வெட்டினார், பால் தூக்கினார். மாதம் முழுக்க அப்படித்தான். சம்பளத்தன்று மேசைக்கு முன்னால் போய் நின்றால், பெயர் இல்லை. பெயர் இல்லாத ஆள் எப்படி வேலை செய்திருக்க முடியும் என்று கேட்டார்களாம்.

"எங்கம்மா பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு ஆபீஸ் வாசல்லயே நின்னுச்சு. எல்லாரும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. 'நான் வெட்டுன மரத்தைப் போய்ப் பாருங்க, வெட்டு இருக்கும்'னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. யாரு போய்ப் பாப்பா? நான் பக்கத்துல நின்னேன். எனக்கு அப்ப எழுதப் படிக்கத் தெரியும். அந்தக் காகிதத்துல நானே பேரை எழுதிரலாமான்னு இருந்துச்சு."

அவளுடைய சம்பள நிரலில் எங்களை எல்லாம் எரிச்சல்படுத்திய ஒரு பழக்கம் இருந்தது. போன மாதம் இருந்த ஒரு பெயர் இந்த மாதம் இல்லையென்றால், இயந்திரம் அப்படியே நின்றுவிடும். 'இவர் எங்கே?' என்று திரையில் கேட்கும். தோட்டத்துக்குத் தொலைபேசி போட்டு, வேலையை விட்டுப் போய்விட்டாரா, இறந்துவிட்டாரா, பிரசவமா என்று கேட்டுப் பதில் தட்டினால்தான் மேலே நகரும். மாதக் கடைசியில் இந்தக் கேள்விகளால் எங்கள் உயிர் போகும். அந்தப் பிற்பகலுக்குப் பிறகு நான் அதைப் பற்றி முணுமுணுத்ததில்லை. கதவைத் திறந்து எங்களை வெளியே விட்டபோது அவள் கம்பளிச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "கோப்பி குடிக்கலாம் வா" என்றாள். அம்மா பேச்சை அவள் அதன் பிறகு எடுக்கவே இல்லை.

மினாவுக்கு அந்த அறையை விட்டு வெளியே போக வேண்டும். சொல்லிக்கொண்டே இருக்கிற ஆள் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். கோலாலம்பூரில் ஒரு பயிற்சிக் கல்லூரியில் கணினி கற்பிக்கும் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அலுவலகம் அவளை விடுவித்தால் போதும், இடம் காத்திருக்கும் என்றார்கள். எங்கள் மேலாளர் திரு. நவரத்தினத்திடம் போய்க் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. தலைமையகத்துக்கும் தோட்டத் துரைமார்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எப்போதும் நெஞ்சு எரிகிறவர். வெள்ளை மாத்திரையை மென்றுகொண்டே சொன்னார்.

"நீ போயிட்டா இந்தப் புரோகிராம்களை யாரு பார்ப்பா? உன்னைத் தவிர யாருக்கும் தெரியாதே. கொஞ்சம் பொறுத்துக்கோ. புது சிஸ்டம் வரப்போகுது. அது வந்தா உன் பழைய புரோகிராம் ஒண்ணும் ஓடாது. வெளி ஆட்கள் வந்து எல்லாத்தையும் புதுசா எழுதுவாங்க. அப்புறம் உன்னை எதுக்கு நான் பிடிச்சு வைக்கப்போறேன்? பாண்டைக் கிழிச்சுப் போட்டுட்டு நானே அனுப்பி வைக்கிறேன்."

இந்தச் சிஸ்டம் என்பதைக் கணினி படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தைப் போட்டதும் முதலில் எழுந்திருப்பது அது. மற்ற நிரல்களுக்கு இடம் கொடுப்பது, கோப்புகளை எடுத்து வைப்பது, அச்சு இயந்திரத்துக்கு வேலை சொல்வது எல்லாம் அதன் பொறுப்பு. இயங்குதளம் என்று எழுதுகிறார்கள். அது மாறினால் அதன் மேல் ஓடுகிற எல்லாம் மாற வேண்டிவரலாம். அதனால் மினா அந்தப் புதிய இயங்குதளத்துக்காகக் காத்திருந்தாள். கல்யாணத் தேதிக்குக் காத்திருக்கிறவர்களைப் போல என்று நான் கேலி செய்வேன்.

எண்பதுகளின் நடுவில் அது வந்து சேர்ந்தது. விற்ற நிறுவனத்திலிருந்து லிம் என்ற பொறியாளர் வார இறுதியில் வந்து தங்கி அதை ஏற்றினார். திங்கட்கிழமை காலை நான் இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். மினா தள்ளி நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். திரையில் பச்சை எழுத்துகளில் அழகான ஒரு பட்டியல் எழுந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டளையையும் மனப்பாடமாகத் தட்ட வேண்டும். இப்போது எண்ணைத் தட்டினால் போதும். கோப்புகளுக்கு நீளமாகப் பெயர் வைக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து வேலை செய்யலாம். லிம் கொண்டுவந்த வழவழப்பான புத்தகத்தின் அட்டையில், இது முற்றிலும் புதியது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நவரத்தினம் சார் வந்து பார்த்துவிட்டு எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கித் தரச் சொன்னார்.

தலைமையகத்துக்கு ஓர் அறிக்கை வேண்டியிருந்தது. இது உண்மையிலேயே புதிய இயங்குதளமா, பழையதன் அடுத்த பதிப்புதானா? நிரல்களை மறுபடி எழுத வெளி ஆட்களை அமர்த்த வேண்டுமா, வேண்டாமா? சோதித்துப் பார்த்து எழுதும் வேலை மினாவுக்கு வந்தது. "புதுசுன்னு நான் ஏற்கெனவே சொல்லிட்டேன். நீ அதை முறையா எழுதிக் கொடு, அவ்வளவுதான்" என்றார் சார்.

முதல் சில நாள் அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, "இது நல்லா இருக்கு, இதை நல்லா யோசிச்சுச் செஞ்சிருக்காங்க" என்பாள். பிறகு மெல்ல மெல்லப் பேச்சுக் குறைந்தது.

நீளப் பெயர் வைத்த இரண்டு கோப்புகளை ஒரு நாள் உருவாக்கினாள். இரண்டு பெயர்களுக்கும் முதல் பகுதி ஒன்று, கடைசிப் பகுதி வேறு. திரும்பப் போய்ப் பார்த்தால் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது முதலாவதை விழுங்கிவிட்டது. வெளியே நீளமாகக் காட்டிவிட்டு உள்ளே பழையபடி பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும்தான் அது வைத்துக்கொள்கிறது. "சரி, சின்னத் தப்பு. திருத்திருவாங்க" என்று எனக்குச் சொன்னாள். தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

இன்னொரு நாள் என்னை அச்சு இயந்திரத்துக்கு முன் நிற்கச் சொன்னாள். பழைய இயங்குதளத்தில் ஒரு கோளாறு உண்டு. ஒரு பக்கம் சரியாக முடிகிற நொடியில் அச்சை ரத்து செய்தால் இயந்திரம் குழம்பிப்போய் ஒரு பிழைச் செய்தி காட்டும். அந்த ஆங்கிலச் செய்தியில் ஒரு சொல்லில் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கும். எழுதியவர் யாரோ, எழுத்துப் பிழை. வருடக்கணக்காக அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். "பக்கம் முடியிறப்ப 'ஆ'ன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். அவள் விசையைத் தட்டினாள். அழகான பட்டியல் மறைந்தது. அதே செய்தி வந்தது. இரண்டு எழுத்துகளும் அதே போல் இடம் மாறித்தான் இருந்தன.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது புதுசா இருக்கணும்னு நான் தினம் ஜெபம் பண்றேன், தெரியுமா?" என்றாள்.

லிம் அடுத்த முறை வந்தபோது அவரைக் கீழே மமாக் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனோம். மினா கண்டதை எல்லாம் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டு, ஆங்கிலமும் மலாயும் கலந்து நிதானமாகப் பேசினார். அவர் சொன்னதன் சாரம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

"உங்களைப் போல எத்தனை அலுவலகம் இருக்கிறது. விற்கப் போகும்போது எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: என் பழைய புரோகிராம் ஓடுமா? ஓடாது என்றால் வாங்க மாட்டார்கள். எங்கள் ஆட்களுக்குப் புதிதாகச் செய்யத் தெரியாது என்று நினைக்காதீர்கள். செய்ய விடமாட்டீர்கள். அடியில் பழையது இருந்தாக வேண்டும். மேலேதான் நாங்கள் எதையும் கட்ட முடியும்."

"அப்ப பல பேர் ஒண்ணா வேலை செய்யிறது?" என்று மினா கேட்டாள்.

"அது உண்மையிலேயே புதியது. அதை மூன்று வருடம் செய்தோம்" என்றார் லிம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. மினா தலையசைத்தாள். "ஆமா, அது நல்லா இருக்கு. அதையும் எழுதுறேன்" என்றாள்.

படியேறும்போது நடுவில் நின்றுவிட்டாள். "சரோ, இத்தனை நாளும் சிஸ்டம்தான் என்னைப் பிடிச்சு வச்சிருக்குன்னு நெனச்சேன். அது புதுசா வராததுக்குக் காரணமே என் புரோகிராம் மாதிரி கெடக்குற பழசுங்கதானாம். நல்லா இருக்குல?" என்றாள். பிறகு மேலே போய்க் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டாள்.

அறிக்கை எழுத வேண்டிய வாரத்தில் நான் அவளோடு சண்டையே போட்டேன்.

"புதுசுன்னு எழுது மினா! விக்கிறவன் புதுசுங்கிறான், புத்தகத்துல புதுசுன்னு இருக்கு, சாரும் அதைத்தான் எழுதச் சொல்றாரு. நீ ஒரு ஆளு வேற மாதிரி சொல்லி என்ன ஆகப்போகுது? கே.எல். வேலை கையில இருக்கு. போயிரு லா."

"ஓடும்னு எனக்குத் தெரியும். ஓட்டிப் பாத்துட்டேன். ஓடுறதை ஓடாதுன்னு எப்படி எழுதுறது?"

"எல்லாரும் எழுதுறாங்க."

அமர்த்தினால் மறுபடி எழுதப்போகும் வெளி ஆட்களோடு தொலைபேசியில் பேசியதை அவள் சொன்னாள். விட்டுப்போன பெயருக்காக இயந்திரம் நின்று கேட்கிறதே, அதையும் புதியதில் சேர்ப்பீர்களா என்று கேட்டிருக்கிறாள். உங்கள் நிர்வாகம் தந்த குறிப்பில் அது இல்லை, இருந்தால் வேலை தாமதமாகும் என்று சொல்லிவிட்டார்களாம். சாரிடம் கேட்டதற்கு அவரும், தலைவலி ஒழியட்டும் விடு என்றிருக்கிறார்.

"நான் போயிருவேன். கே.எல்.ல உட்கார்ந்து பாடம் நடத்துவேன். இங்க யாரோ ஒரு பொம்பள பிள்ளையோட ஆபீஸ் வாசல்ல நிக்கும்" என்றாள். "அப்படி வெளிய போனா எனக்குத் தூக்கம் வராது சரோ. நீ கேட்காத."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அறிக்கையை அவளே தட்டச்சு செய்தாள். ஒரே பக்கம். பலர் சேர்ந்து வேலை செய்யும் வசதி உண்மையில் புதியது, மிகவும் பயனுள்ளது என்று எழுதியிருந்தாள். மற்றவை பழைய இயங்குதளத்தின் மீது போர்த்தப்பட்ட மாற்றங்கள். கடைசி வரி: "இப்போதுள்ள நிரல்கள் எந்தத் திருத்தமும் இன்றி ஓடும், மறுபடி எழுத வேண்டியதில்லை." அந்த வரியைத் தட்டி முடித்ததும் காகிதத்தை உருளையிலிருந்து எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

தலைமையகம் மகிழ்ந்தது. செலவு மிச்சம். நவரத்தினம் சாருக்கு முதலில் கோபம், பிறகு பாராட்டு வந்ததும் குளிர்ந்துவிட்டார். மினாவைக் கூப்பிட்டு, "எல்லாம் ஓடும்னு நீயே எழுதிட்ட. அப்ப அதைப் பார்த்துக்க நீயும் இருக்கணும், இல்லையா?" என்றார். கல்லூரியில் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். மதியம் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள், அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க இந்த அறைதானோ என்று அன்று எனக்கே பயமாக இருந்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த மாதம் எங்கள் இருவரையும் சார் தன் அறைக்கு அழைத்தார். மேசையில் இரண்டு பத்திரங்கள். புதிய இயங்குதளத்துக்கு ஒரு வாரப் பயிற்சி தருவார்களாம். பயிற்சி தருவதால் புது பாண்டு. இருவருக்கும் ஐந்து வருடம்; மினாவுக்கு அது பழையதில் மிச்சமிருக்கும் காலத்துக்கு மேல்.

நான் பேனாவைக் கையில் எடுத்தேன். அந்த வருடம்தான் ஈயச் சுரங்கத்தை மூடி என் கணவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சின்னவள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். நான் யோசிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டேன். அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை. எனக்கு வேறு வழி இல்லை.

மினா பத்திரத்தை முழுவதும் படித்தாள். பிறகு கேட்டாள்.

"சார், எதுக்குப் பயிற்சி?"

"சிஸ்டம் புதுசு இல்லையா? படிக்க வேண்டாமா?"

"புதுசு இல்ல சார். பழசுதான். நான் எழுதிக் கொடுத்தேன், நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க, தலைமையகம் ஏத்துக்கிட்டாங்க. பழசுதாங்கிறதுக்காக என்னை இங்க இருன்னு சொன்னீங்க. இருக்கேன். இப்ப புதுசுன்னு சொல்லி இன்னும் அஞ்சு வருசம் இருன்னு சொன்னா எப்படி சார்? என்னை விடக்கூடாதுன்னா அது பழசு. என்னைக் கட்டணும்னா அது புதுசு. ரெண்டுல எது, நீங்களே சொல்லுங்க."

குரல் உயரவில்லை. சார் மேசை இழுப்பறையைத் திறந்து மாத்திரையைத் தேடினார். "இதெல்லாம் நிர்வாக முறை. உனக்குப் புரியாது" என்றார். அது அவர் வாயிலிருந்து வந்த பேச்சுதான். முகம் வேறாக இருந்தது. மினா பேனாவுக்கு மூடி போட்டு வைத்துவிட்டு, பத்திரத்தை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"பழைய பாண்டு முடியிற வரைக்கும் ஒழுங்கா வேலை செய்வேன் சார். இதுல போடமாட்டேன்."

யாரும் அவளை வற்புறுத்த முடியவில்லை. அவளுடைய அறிக்கையே நடுவில் நின்றது. ஆனால் அதற்குரிய விலையைக் கொடுக்க வைத்தார்கள். பதவி உயர்வு பேச்சு நின்றுபோனது. புதிதாக எதையும் எழுத அவளிடம் தரவில்லை. தட்டச்சுப் பிழை பார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். பழைய நிரல் சிக்கிக்கொண்டால் மட்டும் கூப்பிடுவார்கள். அவள் எழுந்து வந்து சரிசெய்துவிட்டு, தன் மேசைக்குத் திரும்பிப் போவாள். வேண்டுமென்றே தாமதம் செய்தாள், எதையாவது மறைத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. "எப்படி இருக்க முடியுது உன்னால?" என்று ஒரு முறை கேட்டேன். "முடியல சரோ. ஆனா முடியிற தேதி எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது, உன் பாடுதான் சுசா, ரொம்பக் கஷ்டம்" என்றாள். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னதால் வந்த கோபம்.

அவளுடைய பாண்டு முடிந்தபோது நாட்டில் எங்குமே வேலை இல்லை. சுரங்கங்கள் மூடிக்கிடந்தன. ரப்பர் தோட்டங்களை விற்றார்கள், அழித்துச் செம்பனை போட்டார்கள். பட்டம் படித்தவர்களே சும்மா இருந்தார்கள். இப்போது போய் வேலையை விடுவதா என்று எல்லோரும் கேட்டோம். நவரத்தினம் சாரும் அவளைக் கூப்பிட்டு, நடந்ததை மறந்துவிட்டு இரு, பழைய இடத்தையே தருகிறேன் என்று மெய்யாகவே சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். கம்பளிச் சட்டையை என் நாற்காலியில் போட்டாள். "குளிரும்போது நீ போட்டுக்க" என்றாள். பேருந்து நிலையம் வரை கூடப் போனேன். வழி நெடுக வெயில். அவள் குடை விரிக்கவில்லை.

பிறகு நடந்தவை உங்களுக்கே தெரியும். தாப்பாவில் மளிகைக் கடைக்கு மேலே இருந்த அந்த அறை, பழைய விலைக்கு வாங்கிய சிறிய கணினி, மாலையில் தோட்டங்களிலிருந்து பேருந்தில் வந்து இறங்கிய நீங்கள். நான் முதல்முறை வந்து பார்த்தபோது நான்கு சன்னல்களும் திறந்து கிடந்தன. மலைக்குப் போகும் பேருந்துகளின் புகையும் தூசியும் நேரே கணினி மேல் விழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பதறியது. "சன்னலைச் சாத்து, மிஷின் கெட்டுப்போகும்!" என்றேன். "தொடச்சிக்கலாம் லா" என்றாள், துணியைக் கையில் காட்டி. அன்று அவள் உங்களில் ஒருவரோடு வாதம் செய்துகொண்டிருந்தாள். புது விளையாட்டு ஒன்று புதியதா, பழைய விளையாட்டுக்கே வேறு படம் போட்டதா என்று. இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வளவு சத்தமாகச் சிரிக்கும் மினாவை ஈப்போவில் நான் பார்த்ததே இல்லை.

சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தெரிந்த பிறகு சிகிச்சைக்காக ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு வரத் தொடங்கினாள். முடிந்த நாட்களில் நான் போய் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நாற்பது வயது ஆகவில்லை. கைகள் கிழவியின் கைகளாக ஆகிவிட்டன. கடைசியாகப் பார்த்த அன்று நான்தான் புலம்பினேன். என் பாண்டு முடியப்போகிறது. அதற்குள் இயங்குதளத்தின் இன்னொரு பதிப்பு வரப்போகிறதாம். அதற்கும் பயிற்சி உண்டாம், அதற்கும் பத்திரம் உண்டாம். மேலாளர் மாறிவிட்டார், பேச்சு மாறவில்லை. பெரியவனுக்குப் பள்ளிச் செலவு, சின்னவளுக்கு இன்னும் பள்ளியே தொடங்கவில்லை, வீட்டுக்காரருக்கு நிலையான வேலை இல்லை. என்ன செய்வது மினா என்றேன்.

கையெழுத்துப் போடாதே என்று அவள் சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"உன் வீட்டு நெலம எனக்குத் தெரியாது சரோ. போடணும்னா போடு. தப்பில்ல. ஆனா ஒண்ணு. அவன் புதுசுன்னு சொன்னான்னு போடாத. ஒக்காந்து பாத்துட்டு, இது இன்னதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் போடு. உள்ள இருந்தாலும் எதுக்குள்ள இருக்கோம்னு நமக்குத் தெரியணும் லா."

தாதி வந்து நேரமாகிவிட்டது என்றார். நான் எழுந்தேன். மறுவாரம் வருவதாகச் சொன்னேன். மறுவாரம் மாதக் கடைசி. என்னால் போக முடியவில்லை. அந்த வாரம்தான் தொலைபேசி வந்தது.

அவளை சிலிம் ரிவர் தேவாலயத்துக் கல்லறையில் அடக்கம் செய்தோம். நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். அவள் சாவில் என்னைவிடச் சிறியவர்கள் இத்தனை பேர் அழுவதைப் பார்த்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பத்திரம் போன வெள்ளிக்கிழமை வந்தது. என் மேசையில் இருக்கிறது. மாதம் முடிவதற்குள் பதில் கேட்கிறார்கள். இன்னும் போடவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. புதிய பதிப்பின் நாடாவைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து மதிய இடைவேளையில் உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாக நானே தட்டிப் பார்க்கப்போகிறேன். இத்தனை வருடமும் அது என் வேலை இல்லை, மினாவின் வேலை என்று இருந்தேன். அந்த வேலையைத்தான் அவளிடமிருந்து வாங்கி என்னுடையதாக வைத்துக்கொள்கிறேன்.